ஆசானும் ஆணையும்

சிலம்பக் களத்தில் கம்பு சுழல்வதற்கு முன் தலை தாழ்கிறது. மாணவன் மண்ணைத் தொட்டு வணங்குகிறான்; ஆசானை வணங்குகிறான்; எதிரே நிற்பவனையும் வணங்குகிறான். அதன் பின்னரே கம்பு எழுகிறது. பார்ப்போர் பலர் இதனைச் சடங்கென்று எண்ணிக் கடந்துவிடுவர். ஆயின் இவ்வணக்கத்தில் ஆழ்ந்த பொருள் ஒன்று உண்டு. எழுத்தறிவிக்கும் ஆசிரியர்க்குத் தம் மாணவனால் உயிர்க்கேடு நேர்வதில்லை. படைக்கலப் பயிற்சி தரும் ஆசானோ தம்மை வீழ்த்துவதற்குரிய வழியையே மாணவன் கையில் ஒப்படைக்கிறார். நம்பிக்கையின்றி அக்கலையைக் கற்பிக்க இயலாது. களத்தில் தாழும் தலை அந்த நம்பிக்கைக்கு மாணவன் எழுதித்தரும் கடன் சீட்டு.

அக்கடன் எதுவரை செல்லும்? நாட்டின் ஆணையோ, பதவியின் கட்டாயமோ, குடும்பத்தின் நலமோ ஆசானுக்கு எதிராகப் படைக்கலம் எடுக்கச் சொன்னால் மாணவன் என் செய்வது? எடுத்தால் அவன் துரோகியா? எடுக்க மறுத்தால் கடமை தவறியவனா?

வீரக்கலை செழித்த நாடுகளிலெல்லாம் இவ்வினா எழுந்திருக்கிறது. ஹாங்காங் எழுத்தாளர் ஜின் யோங், 1967 முதல் 1969 வரை தம் ‘மிங் பாவ்’ நாளிதழில் தொடராக எழுதிய வாள்வீரர் நாவல் ஒன்றில், சான்றோர் என்று உலகம் போற்றும் வாளாசான் ஒருவர் வருகிறார். தலைமைப் பதவிக்கும் ஓர் அரிய வாள்நூலுக்கும் ஆசைப்பட்டுத் தாம் வளர்த்த மாணவனையே அவர் வஞ்சிக்கிறார். சீன மக்கள் தலைமுறை தலைமுறையாக அக்கதையை விரும்பிப் படிக்கின்றனர். தமிழ் மாணவர் அதனைப் படிக்காமற் போகலாம். ஆனால் அதே வினாவைச் சுமந்த உண்மை வரலாறு ஒன்று தமிழருக்கு உண்டு. அது சிவகங்கைச் சீமையில் தொடங்கிப் பினாங்குத் தீவில் வந்து நிற்கிறது.

பினாங்கில் ஒரு சந்திப்பு

1818ஆம் ஆண்டு. பினாங்கு அப்போது வேல்ஸ் இளவரசர் தீவு என்னும் பெயரால் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினியின் ஆட்சியில் இருந்தது. 1786இல் பிரான்சிஸ் லைட் கால் வைத்த கடற்கரை, முப்பதாண்டுகளில் ஜார்ஜ் டவுன் என்னும் துறைமுக நகராக வளர்ந்திருந்தது. வாணிகத்தை நாடி வந்தோர் பலர். விலங்கோடு இறக்கப்பட்டோரும் பலர். இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகளின் உழைப்பு அந்நகரின் சாலைகளிலும் கட்டடங்களிலும் கலந்திருக்கிறது.

அவ்வாண்டு அத்தீவிற்கு வந்திருந்த சென்னைப் படையின் ஆங்கில அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் முன் ஒருவர் வந்து நின்றார். உடல் தளர்ந்து, முகம் சுருங்கி, முதியவராகத் தோன்றினார். யாரென்று வினவியபோது சற்று நேரம் வெல்ஷின் முகத்தையே நோக்கினார், கண்ணீர் வழிந்தது, பின்னர்த் தம் பெயரை மட்டும் சொன்னார். துரைசாமி. அப்பெயரைக் கேட்டதும் நெஞ்சில் கத்தி பாய்ந்தாற்போல் இருந்தது என்னும் பொருள்பட, 1830இல் இலண்டனில் வெளிவந்த தம் படைவாழ்க்கை நினைவுகளில் வெல்ஷ் குறித்துள்ளார்.

வந்தவர் உண்மையில் முதியவர் அல்லர். முப்பதைச் சற்றே கடந்தவர். சிவகங்கைச் சீமையை ஆண்ட சின்ன மருதுவின் மகன். பதினைந்து வயதளவில் நாடு கடத்தப்பட்டுப் பதினாறு ஆண்டுகள் இத்தீவில் கழித்தவர். அவர் தந்தை யார்? வெல்ஷுக்கு நண்பர், படைக்கலம் எறியக் கற்றுக்கொடுத்த ஆசான். வெல்ஷ் யார்? அந்த ஆசானை வேட்டையாடிய படையில் ஒருவர். மகனைக் கப்பலேற்றியபோது காவற்பொறுப்பில் இருந்தவர். அன்று ஜார்ஜ் டவுனில் எதிரெதிரே நின்றவர்கள் இருவர். இருவருக்கும் நடுவே இறந்தவர் ஒருவரும் நின்றார்.

சிறுவயல் நட்பு

1772ஆம் ஆண்டு சூன் மாதம், ஆர்க்காட்டு நவாபுக்காகப் போரிட்ட கும்பினிப் படை காளையார்கோவிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதரைக் கொன்றது. அரசி வேலு நாச்சியாரைக் காப்பாற்றித் திண்டுக்கல் பக்கத்து விருப்பாச்சிக்குக் கொண்டு சேர்த்தவர்கள் மன்னரின் பணியாளராய் இருந்த பெரிய மருது, சின்ன மருது என்னும் உடன்பிறந்தார். ஐதர் அலியின் துணையோடு 1780இல் சீமை மீட்கப்பட்டது. அதன்பின் அரசுப் பொறுப்பு மருதிருவரின் கைக்கு வந்தது. பெரிய மருது வேட்டையும் வீரமுமாய் வாழ்ந்தவர். ஆர்க்காட்டு வெள்ளி நாணயத்தை விரலால் வளைக்கும் வலிமையுடையவர் என்பது வெல்ஷ் தரும் செய்தி. ஆட்சியை நடத்தியவர் சின்ன மருது. சிறுவயலில் இருந்த அவர் மாளிகைக்குள் எவரும் தடையின்றிச் சென்றுவர முடிந்தது.

மதுரையில் இளம் அதிகாரியாய் இருந்த வெல்ஷ் அச்சீமை வழியே சென்றபோது சின்ன மருதுவைக் கண்டார். வழிப்போக்கில் நேர்ந்த சந்திப்பு நட்பாயிற்று. நல்ல அரிசியும் பழமும் சிறுவயலிலிருந்து மதுரைக்கு வந்துகொண்டிருந்தன. தடித்த தோலும் மிகுந்த இனிப்பும் உடைய ஒருவகை ஆரஞ்சுப் பழத்தை வெல்ஷ் முதுமையிலும் மறக்கவில்லை. அப்பழத்தினும் பெரிய கொடை ஒன்றையும் சின்ன மருது அவருக்கு அளித்தார். ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்தார்.

வளரி பிறை வடிவான எறிபடை. மரத்தாலும் இரும்பாலும், அருகித் தந்தத்தாலும் செய்யப்பட்டது. ஒரு முனை கனத்தும் மறுமுனை மெலிந்தும் இருக்கும். மெலிந்த முனையைப் பற்றிச் சுழற்றி விசையோடு வீசுவர். தேர்ந்த கையிலிருந்து புறப்பட்டால் நூறு கசத் தொலைவுக்குள் குறி தப்பாது என்று வெல்ஷ் எழுதுகிறார். தென்பாண்டிச் சீமைக் கள்ளர், மறவர் குடிகளில் திருமணத்தின்போது இரு வீட்டாரும் வளரியை மாற்றிக்கொள்ளும் வழக்கமும் இருந்தது. வேட்டைக்கும் போருக்கும் உரிய அப்படைக்கலம் உறவுக்கும் அடையாளமாய் விளங்கியது. அதனை ஓர் அயலான் கையில் கொடுத்து வீசும் நுட்பத்தையும் சொல்லிக்கொடுத்தவர், அவனை உறவாக மதித்தே கொடுத்தார் என்று கொள்வதில் தவறில்லை.

கோடரியும் பட்டயமும்

1799இல் பாஞ்சாலங்குறிச்சி வீரபாண்டிய கட்டபொம்மன் கும்பினியை எதிர்த்துத் தோற்றுப் புதுக்கோட்டைக் காட்டில் மறைந்தார். புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்கள் அவரைப் பிடித்துக் கும்பினியிடம் ஒப்படைத்தனர். அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் அவர் தூக்கிலிடப்பட்டார். அவர் தம்பி ஊமைத்துரை 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். மீண்டும் எழுப்பிய பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை மே மாதம் வீழ்ந்தது. ஊமைத்துரை சிவகங்கைச் சீமையை அடைந்தார்.

ஈண்டுச் சின்ன மருது முன் எழுந்த வினா எளிதன்று. அடைக்கலம் கேட்டு வந்தவனை ஒப்படைத்தால் சீமை பிழைக்கும். ஏற்றால் போர் வரும். புதுக்கோட்டை அரசர் முதல் வழியைத் தேர்ந்து பிழைத்ததை அவர் கண்ணாரக் கண்டிருந்தார். எனினும் அவர் ஏற்றார். சூன் மாதம் திருச்சிராப்பள்ளியில் அவர் பெயரால் ஒட்டப்பட்ட அறிக்கை, சாதி வேறுபாடின்றி அனைவரும் ஆங்கிலேயர்க்கு எதிராக ஒன்றுபட அழைத்தது.

கர்னல் அக்னியூவின் தலைமையில் வந்த கும்பினிப் படை சூலை இறுதியில் சிறுவயலை நெருங்கியபோது, ஊர் தீக்கிரையாக்கப்பட்டிருந்தது. பகைவர்க்கு ஒரு கூரையும் கிடைத்தலாகாது என்று ஊரவரே தீயிட்டனர். அங்கிருந்து காளையார்கோவிலுக்கு அடர்ந்த காடு. கும்பினியார் மரங்களை வெட்டிப் பாதை அமைக்கத் தொடங்கினர். ஒரு மாதத்திற்கு மேல் வெட்டினர். வெட்டிய இடமெல்லாம் வளரியும் ஈட்டியும் துப்பாக்கிக் குண்டும் எதிர்வந்தன. செப்டம்பர்த் தொடக்கத்தில் அம்முயற்சியைக் கைவிட்டுப் படை பின்வாங்கியது.

கோடரி தோற்றது. அடுத்து வந்தது பட்டயம். சிவகங்கை அரச குடும்பத்தைச் சேர்ந்தவரும், மருதிருவரின் ஆட்சியில் ஒதுங்கி வாழ்ந்தவருமான படமாத்தூர் கௌரி வல்லப பெரிய உடையாத்தேவரைக் கும்பினி அழைத்து வந்தது. செப்டம்பர் 12ஆம் நாள் சோழபுரத்தில் அவரைச் சிவகங்கையின் உரிமையாளராக அறிவித்தது. மருதிருவர் பணியாளர், தலைவன் சொத்தைக் கவர்ந்தவர், உண்மை வாரிசு இவரே என்பது கும்பினியின் வாதம்.

அரசியல் சூழ்ச்சி என்பது யாது என்று கற்க விரும்பும் மாணவர்க்கு இதனினும் சிறந்த பாடம் இல்லை. அவ்வாதம் முழுப்பொய் அன்று. மருதிருவர் அரச குடியில் பிறந்தவரல்லர். ஆட்சி அவர்கள் கையில் இருந்தது. படமாத்தூரார்க்கு மனக்குறை இருந்தது. இவை உண்மைகள். ஆயின் இவ்வுண்மையைக் கும்பினி அன்றுதான் கண்டதா? 1792 உடன்படிக்கைக்குப் பின் பாளையங்களின் கப்பத்தை நேராகப் பெறத் தொடங்கிய கும்பினி, அதே மருதிருவர் ஆட்சியிலிருந்து பணம் வாங்கியபோது வாரிசுரிமையைக் கேட்கவில்லை. மேலும், காட்டில் மரம் வெட்டத் தொடங்கிய அதே நாளில், 1801 சூலை 31இல், சென்னையில் அக்கும்பினி ஆர்க்காட்டு நவாபின் ஆட்சியுரிமையைத் தன்கீழ்க் கொண்டுவந்தது. தன் நிபந்தனையை ஏற்க மறுத்த வாரிசை ஒதுக்கி, ஏற்றவரைப் பெயரளவில் நவாபாக்கியது. ஓரிடத்தில் வாரிசைத் தள்ளியவர்களே மற்றோரிடத்தில் வாரிசுக்காகக் கண்ணீர் வடித்தனர்.

சூழ்ச்சிக்குப் பொய் தேவையில்லை. உண்மைகளுள் தனக்கு வேண்டியதை, வேண்டிய நாளில், வேண்டியவர் காதில் சொன்னாற் போதும். போர்க்குடியின் மனத்தில் தலைவன் குடும்பத்தின்மீது ஊறிய விசுவாசம் இருந்தது. அந்த விசுவாசத்தை அழிக்கக் கும்பினி முயலவில்லை. அதன் திசையை மட்டும் திருப்பியது. வீரர் பலர் மருதிருவரை விட்டு விலகினர். அவர்களுள் எவரும் தம்மைத் துரோகி என்று எண்ணியிருக்கமாட்டார். பழைய எசமானின் குலத்திற்கு உண்மையாய் இருப்பதாகவே எண்ணியிருப்பர்.

அக்டோபர் 1ஆம் நாள் கும்பினிப் படை பல திசைகளிலிருந்து புகுந்து காளையார்கோவிலைக் கைப்பற்றியது. மருதிருவர் காட்டுக்குள் துரத்தப்பட்டனர். சின்ன மருது தொடை எலும்பு முறிந்த நிலையில் பிடிபட்டார். அக்டோபர் 24ஆம் நாள் திருப்பத்தூரில் இருவரும் தூக்கிலிடப்பட்டனர். உறவினரும் துணைவரும் உடன் மாண்டனர். நவம்பரில் ஊமைத்துரை பாஞ்சாலங்குறிச்சியில் தூக்கிலிடப்பட்டார். எஞ்சியோருள் எழுபத்து மூவர் 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து பினாங்கிற்குக் கப்பலேற்றப்பட்டனர். வேலு நாச்சியாரின் மருமகன் வேங்கன் பெரிய உடையாத்தேவரும் சிறுவன் துரைசாமியும் அவர்களுள் இருந்தனர்.

எது துரோகம்?

இனி வினாவுக்கு வருவோம். இவ்வரலாற்றில் துரோகி யார்?

புதுக்கோட்டைத் தொண்டைமான் என்பது பலர் நாவில் வரும் முதல் விடை. ஆனால் அவர் குடும்பம் அரை நூற்றாண்டாகக் கும்பினியின் நட்புக்குடி. கொடுத்த வாக்கைக் காத்தேன் என்று அவர் கூறக்கூடும். படமாத்தூரார் என்பது அடுத்த விடை. பறிக்கப்பட்ட உரிமையைக் கேட்டேன் என்று அவர் கூறக்கூடும். வெல்ஷ் என்பது மூன்றாம் விடை. உப்பிட்டவரின் ஆணையை நிறைவேற்றினேன் என்று அவர் கூறக்கூடும். மருதிருவரும் குறையற்றவரல்லர், அவர்கள் ஆட்சியால் ஒதுக்கப்பட்டவர் இருந்ததனாலேயே கும்பினிக்கு ஒரு கருவி கிடைத்தது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு காரணம் இருக்கிறது. காரணம் உடையவர் எல்லாரும் குற்றமற்றவர் என்றால், உலகில் துரோகம் என்பதே இல்லாமற் போகும். ஆகவே காரணத்தைக் கொண்டு அளத்தல் பயன்படாது. வேறோர் அளவுகோல் வேண்டும்.

அவ்வளவுகோலைப் பாரதக் கதை தருகிறது. போர் தொடங்குமுன் தருமன் படைக்கலங்களைக் களைந்துவிட்டு, நடந்து சென்று, எதிரணியில் நின்ற துரோணரை வணங்குகிறான். எதிர்த்துப் போரிட இசைவு கேட்கிறான். ஆசான் வாழ்த்துகிறார். அதற்கு மேலும் ஒன்று செய்கிறார். தம்மை எவ்வாறு வெல்லலாம் என்று கேட்ட மாணவனிடம், நம்பத்தகுந்தவன் வாயால் கொடிய செய்தியொன்று கேட்டுத் தாம் படைக்கலத்தைக் கீழே வைத்தாலன்றித் தம்மை வீழ்த்த முடியாது என்று மறைக்காமல் சொல்கிறார். பதினைந்தாம் நாள் போரில் அந்த நம்பத்தகுந்த வாய் தருமனின் வாயே ஆகிறது. அசுவத்தாமன் மாண்டான் என்று உரக்கச் சொல்லி, யானை என்பதை மெல்லச் சொல்கிறான். துரோணர் வில்லை வைக்கிறார், தலை வீழ்கிறது.

இரு செயல்களையும் செய்தவன் ஒருவனே. முதல் நாளில் ஆசானை எதிர்த்தான், அது துரோகமன்று. எதிர்ப்பதை முகத்துக்கு நேரே சொன்னான். வாங்கிய கடனைத் தலைதாழ்த்தி ஒப்புக்கொண்டான். பதினைந்தாம் நாளில் ஆசான் தன்மீது வைத்த நம்பிக்கையை எடுத்து, அதனையே அம்பாக்கி எய்தான். அதுவே துரோகம். எதிர்த்து நிற்றல் வேறு. நம்பிக்கையைப் படைக்கலமாக்குதல் வேறு. முன்னதற்கு வீரம் என்று பெயருண்டு. பின்னதற்கு எத்தனை காரணம் சொன்னாலும் பெயர் மாறாது.

இவ்வளவுகோலால் அளந்தால் வெல்ஷ் துரோகியாகார். அவர் சிறுவயலில் கற்ற காட்டுவழியைப் பகைவர்க்கு விற்றதாகச் செய்தியில்லை. நண்பனென்று அழைத்துச் சின்ன மருதுவைப் பிடித்ததாகவும் செய்தியில்லை. எதிர்ப்படையில் நின்றார், வெளிப்படையாகப் போரிட்டார். கும்பினியின் செயலோ அளவுகோலின் மறுபக்கத்தில் விழுகிறது. மக்கள் தம் தலைக்குடும்பத்தின்மீது வைத்த நம்பிக்கையை அது எடுத்தாண்டது. காட்டை வெல்ல முடியாத நாளில் அந்த நம்பிக்கைக்குள் பாதை வெட்டியது. புதுக்கோட்டை அரசர் தம் எல்லைக்குள் ஒதுங்கியவனைப் பிடித்துக் கொடுத்தார். வெளிப்படையான நட்புறவின்படி செய்தார் என்றாலும், புகலிடத்தின்மீது மனிதர் வைக்கும் நம்பிக்கை அன்று அங்கே இறந்தது. சின்ன மருதுவின் பெருமை இவ்விடத்தில்தான் ஒளிர்கிறது. தம் வாயிலுக்கு வந்தவனின் நம்பிக்கையைத் தம் பிழைப்புக்கு விலையாக அவர் கொடுக்கவில்லை.

கடமையும் கடனும்

துரோகி அல்லர் என்று தீர்ப்புக் கிடைத்துவிட்டால் வெல்ஷின் கணக்கு முடிந்துவிடுமா? இங்கேதான் தமிழ்மொழி ஒரு நுட்பத்தைக் காட்டுகிறது. செய்யவேண்டிய செயலையும் ‘கடன்’ என்கிறோம். திருப்பித் தரவேண்டிய பொருளையும் ‘கடன்’ என்கிறோம். கடமையும் அதே வேரில் முளைத்த சொல். இரண்டையும் ஒரு சொல்லில் கட்டிவைத்த முன்னோர், ஒன்று மற்றொன்றைத் தள்ளுபடி செய்யும் என்று எண்ணியிருக்கமாட்டார். திருவள்ளுவர் செய்ந்நன்றியறிதலுக்குத் தனி அதிகாரம் வகுத்து, அதனை இல்லறவியலில் வைத்தார். எப்பதவியில் இருப்பவனும் வீட்டிற்குத் திரும்பும்போது அவ்வதிகாரத்திற்குள் திரும்பியாக வேண்டும்.

ஒருவன் கும்பினிக்குக் கடமைப்பட்டவன். சின்ன மருதுவுக்குக் கடன்பட்டவன். கடமையை முதலில் செய்தான் என்று வைத்துக்கொண்டாலும், கடன் அப்படியே நிற்கிறது. நீதிபதி தம் நண்பனுக்குத் தண்டனை விதிக்க நேரலாம், விதித்தே ஆகவேண்டும். ஆயினும் தீர்ப்பெழுதிய பின் அந்நண்பனின் பிள்ளைகள் பட்டினி கிடந்தால், சட்டத்தைச் செய்துவிட்டேன் என்று கதவைச் சாத்திக்கொள்ள அவருக்கு உரிமையில்லை. ஆணையை நிறைவேற்றியவுடன் நன்றிக் கடனும் தீர்ந்ததாகக் கருதும் மனநிலையே ஆட்சிகள் விரும்பும் மனநிலை. அம்மனநிலை பரவிய நாட்டில் நல்லவர்களைக் கொண்டே கொடுமைகள் நடத்தி முடிக்கப்படும். ஒவ்வொருவரும் தம் பங்கைக் கடமை என்பர். முழுமையும் யாருடையது என்று கேட்டால் விடையிராது.

ஆணைக்குக் கீழ்ப்பட்ட வீரன் நட்புக்காகப் போரை மறுத்தால் படை நிலைக்குமா என்று கேட்போர் உண்டு. தக்க கேள்வியே. ஒவ்வொருவனும் தன் விருப்பத்துக்கேற்ப ஆணையைத் தேர்ந்தெடுத்தால் ஒழுங்கு குலையும் என்பது உண்மை. ஆனால் அவ்வொழுங்கு எதற்காக என்பதும் கேட்கத்தக்கதே. பிடிபட்டவர்களைத் தூக்கிலிட்டு, பதினைந்து வயதுச் சிறுவனைக் கடல் கடத்துவது வரை நீளும் ஆணைக்கு முன், வீரக்கலை பயின்றவன் நெஞ்சில் ஒரு நடுக்கமாவது எழவேண்டும். வெல்ஷின் நெஞ்சில் அந்நடுக்கம் எழுந்தது என்பதற்கு அவர் நூலே சான்று. தமக்குக் கற்றுக்கொடுத்த மனிதரைக் காட்டு விலங்கைப்போல் விரட்ட நேர்ந்ததையும், தூக்கில் தொங்கக் கண்டதையும் அவர் மறைக்கவில்லை. வென்றவர் வரலாறு எழுதும்போது தோற்றவரை இழித்தெழுதுவது உலக வழக்கம். அவர் ஆசானை ஆசான் என்றே எழுதினார். அவ்வளவுக்கு அவர் நேர்மையாளர்.

ஆயின் அந்நேர்மை துரைசாமிக்கு என்ன செய்தது? தூத்துக்குடியில் வெல்ஷ் அச்சிறுவன்மீது இரக்கம் கொண்டார், கப்பல் புறப்பட்டது. ஜார்ஜ் டவுனில் கண்கலங்கினார். துரைசாமியின் இழந்த இளமை திரும்பவில்லை. இரக்கம் உண்மையானது. ஏட்டில் எழுதிய நன்றியும் உண்மையானது. எனினும் சிறுவயலில் வாங்கிய கடன் தீர்ந்ததாகச் சொல்ல முடியாது. நன்றி நெஞ்சில் மட்டும் இருந்தால் அது அழகிய நினைவு. அடுத்தவர் வாழ்வில் சிறிதேனும் சென்று சேர்ந்தாலே அது அறம். வெல்ஷ் தீயவராய் இருந்திருந்தால் இக்கதையில் கற்பதற்கு ஒன்றுமில்லை. நல்லவராய் இருந்தும் அவ்வளவே செய்ய முடிந்தது என்பதுதான் நெஞ்சைச் சுடுகிறது.

வகுப்பறைக்கு உரியது

போர் முடிந்த 1801 டிசம்பரில் தென்பாண்டிச் சீமையில் படைக்கலம் வைத்திருப்பதைக் கும்பினி தடை செய்தது. கோட்டைகள் இடிக்கப்பட்டன, படைக்கலங்கள் பறிக்கப்பட்டன. வளரி மெல்ல மெல்ல வழக்கொழிந்தது. தஞ்சை அரண்மனைப் படைக்கலக் கொட்டிலிலிருந்து வந்த தந்த வளரிகளும் புதுக்கோட்டையின் மர வளரியும் சென்னை அரசு அருங்காட்சியகத்துக்குச் சென்று சேர்ந்தன. கருவியை அருங்காட்சியகம் காக்கும். வீசும் கையைக் காக்க இயலாது. அக்கை ஆசானிடமிருந்து மாணவனுக்குப் போவது. அச்சங்கிலி அறுந்தால் எஞ்சுவது மரத்துண்டே.

இன்று மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் சிலம்பம் கற்கும் பிள்ளைகள் உள்ளனர். அவர்களுக்கு அடிமுறை கற்பிக்கும் ஆசான்மார் அந்தச் சங்கிலியின் கண்ணிகள். கம்பு வீச்சைக் கற்பிப்பது எளிது. கம்பைத் தந்தவரிடம் பட்ட கடனைக் கற்பிப்பது கடினம். சூழ்ச்சியும் துரோகமும் அரண்மனைகளில் மட்டும் பிறப்பதில்லை. போட்டிக்கு ஆள் தேர்ந்தெடுக்கும்போது ஒரு பிள்ளை மறைவாகச் சொன்ன அச்சத்தை அதற்கெதிராகவே பயன்படுத்தும் தோழனிடம் அது முளைவிடுகிறது. சங்கத் தேர்தலில், நேற்றுவரை வழிகாட்டியாய் இருந்தவரின் குறையை வேண்டிய நாளில் நினைவுகூர்பவரிடம் அது இலைவிடுகிறது. அங்கெல்லாம் சொல்லப்படுவது உண்மையாகவே இருக்கலாம். எப்போது சொல்லப்படுகிறது, எதற்காகச் சொல்லப்படுகிறது என்பதே வினா.

ஆகவே மாணவர்க்கு ஆசிரியர் சொல்லத்தக்கவை மூன்று. எதிர்க்க வேண்டியவரை எதிர்க்கலாம். முகத்துக்கு நேரே நின்று எதிர்க்கவேண்டும். நம்பிச் சொன்னதை நம்பியவர்க்கு எதிராக எடுக்கலாகாது. கடமைக்காக ஒருவரை எதிர்க்க நேர்ந்தாலும் அவரிடம் பட்ட கடன் கழியாது. போர் முடிந்த பின்னும், ஆண்டுகள் கடந்த பின்னும், அவர் பிள்ளை வாயிலில் வந்து நிற்கும்வரை அது காத்திருக்கும்.

ஜார்ஜ் டவுன் கடற்கரையில் இன்றும் கப்பல்கள் வந்து போகின்றன. அந்நீரின் வழியே விலங்குகளோடு வந்து இறங்கிய பதினைந்து வயதுச் சிறுவனுக்கு ஒரு குற்றமும் இல்லை. தந்தை ஒருவனுக்கு அடைக்கலம் கொடுத்தார், ஒருவனுக்குக் கலை கொடுத்தார். முன்னதற்கு விலையாக அவர் தம் உயிரைத் தந்தார். பின்னதற்குரிய கடனைக் கேட்க மகன் வரவில்லை. தன் பெயரை மட்டுமே சொன்னான். சிலம்பக் களத்தில் மண்ணைத் தொட்டு எழும் ஒவ்வொரு மாணவனும் அப்பெயரை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம். தான் வணங்குவது யாரை, எதற்காக என்பது அப்போது விளங்கும்.